பெற்றோருக்கான ஆஸ்துமா வினாத்தாள்: 31-க்கு 22 வாங்கிய அம்மாவின் அனுபவம்

என் மகளுக்கு 7 வயது. மூன்று வருடமாக வீசிங். எத்தனை ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருக்கிறேன், எனக்குத் தெரியாததா என்றுதான் நினைத்திருந்தேன். போன செக்கப்பில் நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். நியூகாசில் ஆஸ்துமா வினாத்தாள். பெற்றோருக்கு ஆஸ்துமா பற்றி எவ்வளவு தெரியும் என்று பார்க்க ஆஸ்திரேலியாவில் உருவாக்கியது, 1990-இல் வெளிவந்தது. 31 கேள்விகள். பெரும்பாலும் சரி/தவறு, ஆறு மட்டும் நாமே எழுத வேண்டும்.

எனக்கு 22 வந்தது. தவறிய ஒன்பதையும் நர்ஸ் கூடவே உட்கார்ந்து பேசினார், அதுதான் பெரிய உதவி. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் முக்கியம் என்ற வரிக்கு 'சரி' போட்டிருந்தேன். வீசிங்கைக் கிளப்பிவிடும் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அப்புறம் இன்னொன்று: குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரிலீவர் (இரைப்பை உடனே தணிக்கும் இன்ஹேலர்) தேவைப்படுகிறது. கொடுத்தால் தணிகிறது, பிறகு மறுபடியும் இரைக்கிறது. மோசமாகாதவரை வீட்டிலேயே தொடரலாமா? தொடரலாம் என்று போட்டேன். தவறு. மருந்தின் பலன் நாலு மணி நேரம்கூட நிற்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். போன வருடம் ஒரு ராத்திரி முழுக்க நான் இதையேதான் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. இந்த ஒரு கேள்விக்காகவே எல்லாப் பெற்றோரும் இந்தத் தாளை நிரப்ப வேண்டும் என்பேன்.

எழுதும் கேள்விகளில் ஒன்றும் மிக நன்று. ஐந்து வயதுப் பையன் இரண்டு பஃப் எடுத்தும் ஐந்து நிமிடத்தில் தணியவில்லை, ஏன்? 'வீசிங் கடுமையாக இருக்கும்' என்று மட்டும் எழுதினேன். இன்ஹேலர் காலியாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. மீதி எத்தனை பஃப் என்று எண் காட்டாத இன்ஹேலர் மருந்து தீர்ந்த பிறகும் புஸ்ஸென்று அடிக்கும், உள்ளே வெறும் வாயுதான் இருக்கும். இப்போது எத்தனை பஃப் போனது என்று காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கொடுத்த தாளில் 'தெரியாது' என்று போட இடமில்லை. என் 22-இல் நாலைந்து குத்துமதிப்பாகப் போட்டவை. அதைவிட முக்கியமானது, தாள் கையைப் பார்ப்பதில்லை. நர்ஸ் தானாகவே ஸ்பேசரை (இன்ஹேலரில் மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) கொடுத்து, "செய்து காட்டுங்கம்மா" என்றார். நான் இரண்டு பஃப்பையும் அடுத்தடுத்து அழுத்தினேன். ஒன்று அடித்து, குழந்தை ஐந்தாறு முறை மூச்சு விட்ட பிறகு, மறுபடி குலுக்கித்தான் அடுத்தது. ஸ்பேசரைத் துணியால் துடைத்துக் காயவைப்பதும் தப்பாம். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட வேண்டும். மூன்று வருடமாக எவ்வளவு மருந்து அவள் நெஞ்சுக்குப் போகாமல் வீணானதோ.

அன்றே இன்னொரு சின்னத் தாளும் கொடுத்தார்கள். 4 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கான ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை. ஏழு கேள்விகள், முதல் நாலுக்குப் பிள்ளையே முகப் படத்தைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 27, 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். ஓடி விளையாடும்போது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அவள் அழுகிற முகத்தைத் தொட்டாள். "அதான் நான் இப்பல்லாம் ஓடுறதே இல்லம்மா" என்றாள். 17 வந்தது. அவளுக்கு ஓட்டத்தில் ஆசை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் தாள், பிள்ளை தாள், ஸ்பேசரைச் செய்து காட்டுவது, மூன்றையும் ஒரே நாளில் கேட்டு வாங்குங்கள். நர்ஸுக்கு நேரமில்லை என்றால் தவறிய கேள்விகளையாவது குறித்துத் தரச் சொல்லுங்கள், வெறும் மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வராதீர்கள்.