மேட்டுப்பாத்தி கட்ட ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டுத்தோட்டம் அமைத்துத் தருகிறோம் என்று இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருப்பார்கள். எங்களுக்கு வந்தவர் ஏமாற்றிவிட்டுப் போனார். பெயரைப் போடவில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன், நீங்கள் உஷாராக இருந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம். களிமண் தரை, ஐப்பசி பிறந்தால் தண்ணீர் நிற்கும். அதனால்தான் தரையில் பாத்தி வேண்டாம், மேட்டுப்பாத்தியாகக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்டோம். பத்தடி நீளம், நாலடி அகலம், இரண்டடி உயரத்தில் இரண்டு பாத்திகள், 46,000 ரூபாய். செங்கல் சுவர், அடியில் ஜல்லி, மேலே செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு, 'வடிகால் வசதியுடன்'. அவர் கைப்பட எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டில் இப்படித்தான் இருக்கிறது.

ஆவணியில் வேலை முடிந்தது. மிளகாயும் கத்தரியும் நன்றாகவே வந்தன. அடைமழை பிடித்த பிறகுதான் வேலையின் லட்சணம் தெரிந்தது. மழை விட்டு வெயில் அடித்தும் பாத்தியில் தண்ணீர் இறங்கவில்லை. கீழ் இலைகள் மஞ்சளாகின. மண் சொதசொதவென்று இருக்கும்போதே செடி வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, தொட்டதும் தோல் கழன்று வந்தது. மண்ணில் அழுகிய முட்டை வாடை. காற்றுப் போகாமல் கெட்ட மண்ணில்தான் அந்த வாடை வரும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வெறும் மண்ணை அணைத்துப் போட்டிருந்த பாத்தியில் செடிகள் நிமிர்ந்து நின்றன.

போன் செய்தால், "மேடம், மழை அப்படிப் பெய்யுது, நான் என்ன பண்றது?" என்றார். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை புதிய செய்தியா? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இந்தப் பக்கம் பாத்தி கட்டுகிறவர் மழையை நினைத்துத்தான் கட்ட வேண்டும். அப்புறம், இன்னும் நார்க்கழிவு போட்டால் தண்ணீரை உறிஞ்சிவிடும், 6,000 ஆகும் என்றார். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைப்பது. ஏற்கெனவே நீர் தேங்கிய பாத்தியில் அதையே இன்னும் கொட்டச் சொல்கிறவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

தெரிந்த கொத்தனாரை வைத்துக் கிளறினோம். மேலே அரை அடிக்குத்தான் செம்மண் கலவை. அதன் கீழே ஏரிக் களிமண்ணும் இடித்த வீட்டுச் சிமெண்டுக் கட்டிகளும். அடியில் கொஞ்சம் ஜல்லி. ஜல்லிக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, சுவரோடு ஒரு முழம் மேலே ஏற்றி மடித்திருந்தார்கள். சுவரின் உள்பக்கம் வழவழவென்று சிமெண்டுப் பூச்சு. தண்ணீர் வெளியேறச் சுவரில் விடும் துளை (வீப் ஹோல்) ஒன்றுகூட இல்லை. அதாவது 'வடிகால் வசதி' என்று காசு வாங்கிக்கொண்டு கட்டித் தந்தது ஒரு தொட்டி.

ஜல்லி போட்டால் வடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், அதனால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மேல் மண் நனைந்த ஸ்பாஞ்சுபோல முழுக்க நிரம்பிய பிறகுதான் கீழே சொட்டும். சொட்டிய தண்ணீர் வெளியே போக வழியும் இல்லையென்றால், ஜல்லி வேருக்கான இடத்தை அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். களிமண்ணில் கொஞ்சம் ஆற்று மணல் கலந்து சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது காய்ந்ததும் இன்னும் இறுகும்.

கொத்தனார் தார்ப்பாயைக் கிழித்து எடுத்தார். தரையைக் கடப்பாரையால் நெகிழ்த்தினார். சுவரின் அடி வரிசையில் இரண்டடிக்கு ஒரு துளை போட்டு, வெளிப்பக்கம் சரிவாக பி.வி.சி. பைப் துண்டு செருகி, மண் வராமல் உள்வாயில் வலை கட்டினார். வெளியே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தெருக் கால்வாய்ப் பக்கம் சரிவு கொடுத்தார். இடிபாட்டையும் களிமண்ணையும் அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் அடிவரை ஒரே கலவையாக நிரப்பினோம். அடுத்த மழையில் பைப் வழியாகத் தண்ணீர் ஓடியது. இன்னொரு பாத்தி இன்னும் பாக்கி.

நீங்கள் ஆள் வைப்பதாக இருந்தால், மண் கொட்டுவதற்கு முன்பே காலித் தொட்டியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, எந்த வழியாகப் போகிறது என்று காட்டச் சொல்லுங்கள். மண் லோடு வரும்போது நின்று பாருங்கள். கடைசித் தவணையை ஒரு நல்ல மழை பார்த்த பிறகு தருவதாக எழுதி வாங்குங்கள். மறுத்தால் அந்த ஆள் வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடலாம்; வேலைக்கு நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆள் புதுச்சேரிக்காரராக இருந்தாலும் கடலூரிலேயே நடத்தலாம். எஸ்டிமேட், பணம் அனுப்பிய விவரம், பாத்தியைக் கிளறும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்து நாங்கள் நோட்டீஸ் அனுப்பிவிட்டோம். இன்னும் பதில் இல்லை. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.