டெபியன், ஃபெடோரா, ஆர்ச், ஆல்பைன்: பேக்கேஜ் பெயர்களோடு பல வருடப் பழக்கம்

லினக்ஸின் வெவ்வேறு வடிவங்களான இந்த நான்கு டிஸ்ட்ரோக்களையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கை தடுமாறுவது பெரும்பாலும் பேக்கேஜ், அதாவது நிறுவும் மென்பொருள் தொகுப்பின் பெயரில்தான். அப்பாச்சி வெப் சர்வர் டெபியனில் அப்பாச்சி2, ஃபெடோராவில் எச்டிடிபிடி, ஆர்ச்சில் வெறும் அப்பாச்சி. டிஎன்எஸ் முகவரிகளைத் தேடும் டிக் கமாண்ட் வேண்டுமா? டெபியனில் பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ், ஃபெடோராவில் பைண்ட்-யூட்டில்ஸ், ஆல்பைனில் பைண்ட்-டூல்ஸ்.

பார்த்தவுடன் தாறுமாறாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தனக்கென ஒரு விதியை வைத்திருக்கிறது. பைத்தானில் இது நன்றாகத் தெரியும். நிரலில் இம்போர்ட் செய்யும் பெயரை டெபியன் எடுத்துக்கொள்கிறது: பைத்தான்3-யாமல், பைத்தான்3-பிஎஸ்4, பைத்தான்3-பில். ஃபெடோரா, பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் உள்ள பெயரை எடுக்கிறது: பைத்தான்3-பையாமல், பைத்தான்3-பியூட்டிஃபுல்சூப்4, பைத்தான்3-பில்லோ. இது பிடிபட்டபின் பெயர்களை மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. டெபியனில் பெரிய எழுத்துக்கு இடமில்லை, ஒற்றை எழுத்துப் பெயரும் கூடாது. அதனால்தான் ஆர் மொழி அங்கே ஆர்-பேஸ். ஃபெடோராவில் ஒரே எழுத்து, அதுவும் பெரிய எழுத்து.

பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளுக்கு டெபியன் வைக்கும் பெயர்களைப் பலர் குறை சொல்வார்கள். எனக்கு அவைதான் மிகவும் பிடிக்கும். லிப்எஸ்எஸ்எல்3 என்ற பெயரின் கடைசி 3, அந்த லைப்ரரியின் பைனரி இடைமுகத்தை, அதாவது தொகுக்கப்பட்ட நிரல்கள் அதனோடு இணையும் விதத்தைக் காட்டும் சோநேம் எண். இடைமுகம் மாறினால் பெயரும் மாறும். பழையதும் புதியதும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கலாம். உபுண்டு 24.04-இலும் டெபியன் 13-இலும் அது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழியும் என்பதால், நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிய பெரிய வேலையின் அடையாளம் அந்த டி64 என்ற வால். 64 பிட் கணினிகளில் இடைமுகம் மாறவில்லை. பெயர் மட்டும் மாறியது. அங்கே புதிய பேக்கேஜ் பழைய பெயரையும் தானே வழங்குகிறது. இவ்வளவு பொறுப்பாகப் பெயர் வைப்பவர்களை நான் மதிக்கிறேன்.

லைப்ரரியைப் பயன்படுத்தி நிரல் தொகுக்கத் தேவைப்படும் ஹெடர் கோப்புகளுக்கு டெபியனில் டெவ், ஃபெடோராவில் டெவெல் என்ற வால். ஆர்ச் பிரிப்பதே இல்லை, எல்லாம் ஒரே பேக்கேஜில்.

உண்மையில் வலிப்பது பேக்கேஜ் பெயர் மாறுவதல்ல, கமாண்டின் பெயரே மாறுவது. எஃப்டி என்ற தேடல் கருவி டெபியனில் எஃப்டிஃபைண்ட் என்றும், கோப்புகளைக் காட்டும் பேட் என்பது பேட்கேட் என்றும் நிற்கின்றன. அந்தக் குறும்பெயர்களை வேறு பேக்கேஜ்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தன. ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோட்ஜேஎஸ்ஸும் டெபியனில் இப்படித்தான் பல வருடங்கள் நோட் என்ற கமாண்டை இழந்திருந்தது. அமெச்சூர் ரேடியோ நிரல் ஒன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. முன்பே இருப்பவருக்கு முன்னுரிமை என்பது நியாயம்தான். ஆனால் எஃப்டி என்று எழுதிய ஸ்கிரிப்ட் ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் நிற்கும்போது அந்த நியாயம் உதவுவதில்லை. அதனால் ஒவ்வொரு கணினியிலும் குறும்பெயரிலிருந்து உண்மையான கமாண்டைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் பெயரைத் தேடுவதில்லை, உள்ளே இருப்பதைத் தேடுகிறேன். ஃபெடோராவில் டிஎன்எஃப் இன்ஸ்டால் என்று எழுதி, பின்னால் கமாண்டின் முழுப் பாதையையே கொடுக்கலாம். பாதைக்குப் பதிலாக பிகேஜிகான்ஃபிக் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ஓபன்எஸ்எஸ்எல் போட்டால் சரியான டெவெல் பேக்கேஜ் வந்துவிடும். நான்கிலும் இதுவே எனக்கு மிகச் சிறந்த ஏற்பாடு. ஆல்பைனிலும் சிஎம்டி என்ற முன்னொட்டு போட்டுக் கமாண்டைக் கேட்கலாம். ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தேட டெபியனில் ஆப்ட்-ஃபைல், ஆர்ச்சில் பேக்மேன் கமாண்டின் எஃப் தேர்வு. எந்த டிஸ்ட்ரோவில் என்ன பெயர் என்று ஒரே பார்வையில் அறிய ரெபாலஜி தளம் இருக்கிறது.

புதிதாக ஒரு கருவி எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியிடும் முன் நீங்கள் நினைத்த பெயரை ரெபாலஜியில் ஒருமுறை தேடுங்கள், ஆப்ட்-ஃபைலில் அந்தக் கமாண்ட் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டெழுத்துப் பெயர் என்றால் கட்டாயம் பாருங்கள்.