ஒருமுறை கீறிப் பெற்றவளுக்கு அடுத்த பிள்ளை: சுகப்பிரசவமா, மறுபடி சீசரா?

"ஒருக்கா கீறினா பிறகும் கீறத்தான் வேணும்." வன்னியில் எந்த வீட்டு விறாந்தையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். முதல் பிள்ளையை சீசரில் பெற்றவள் இரண்டாவது உண்டாகி இருக்கிறாள் என்று தெரிந்ததுமே மாமி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்துவிடுவார்கள். நியூயோர்க் மருத்துவர் எட்வின் கிராகின் 1916 இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதைத்தான். அவர் காலத்தில் கர்ப்பப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறினார்கள். அடுத்த பிரசவ வலியில் அந்தத் தழும்பு விட்டுப்போகும் ஆபத்து பெரிது. இப்போது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறுகிறார்கள். அந்தத் தழும்பு நன்றாகவே தாக்குப்பிடிக்கும்.

ஆகவே ஒரே ஒரு தடவை, கீழே குறுக்காகக் கீறப்பட்ட பெண்ணுக்கு உண்மையில் இரண்டு வழி உண்டு. வைத்தியசாலையில் கண்காணிப்போடு சுகப்பிரசவத்துக்கு முயல்வது ஒன்று. 39 ஆவது வாரமளவில் நாள் குறித்து மறுபடி சீசர் செய்வது மற்றது. வீட்டில் வலி முற்றும்வரை இருந்து பார்ப்பது மூன்றாவது வழியல்ல. அதைத் தயவுசெய்து யாரும் நினைக்கவே வேண்டாம்.

பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் ரோயல் கல்லூரி 2015 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேர் சுகமாகவே பெறுகிறார்கள். சீசருக்கு முன்போ பின்போ ஒரு சுகப்பிரசவம் நடந்திருந்தால் அது 85 முதல் 90 வரை போகும். முதல் சீசர் எதற்காக நடந்தது என்பதும் முக்கியம். என் தங்கைக்கு முதல் பிள்ளை தலை மேலே, கால் கீழே என்று கிடந்ததால் கீறினார்கள். அடுத்த பிள்ளை தலை திரும்பி நின்றால் அந்தக் காரணமே இல்லாமல் போய்விடும். வலி வந்து மணிக்கணக்கில் கிடந்தும் கர்ப்பப்பை வாய் திறக்காமல் கீறப்பட்டவளுக்கு வாய்ப்புக் கொஞ்சம் குறைவு. குறைவுதானே தவிர, கதவு மூடவில்லை.

சரி, பயம் எதில்? தழும்பு விட்டுப்போவதில். தானாக வலி வந்து முயல்பவர்களில் 200 பேருக்கு ஒருவர் அளவில் அது நடக்கிறது. மருந்து வைத்து வலியை வரவைத்தாலோ, வலி கூட மருந்து ஏற்றினாலோ இரண்டு மூன்று மடங்காகலாம். நாள் குறித்த சீசரில் இந்த ஆபத்து 10,000 இல் இரண்டுக்கும் குறைவு. பிரசவத்தோடு பிள்ளை இறக்கும் வாய்ப்பு முயற்சியில் 10,000 க்கு 4, நாள் குறித்த சீசரில் 1. முதற் பிள்ளையைப் பெறப்போகும் எந்தப் பெண்ணுக்கும் உள்ள ஆபத்தும் அந்த 4 அளவுதான் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. ஒன்றை மறைக்கக் கூடாது: முயன்று, சரிவராமல், அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோவதுதான் எல்லாவற்றிலும் சிக்கல் கூடியது. முயற்சிக்குச் சம்மதிப்பவள் அதற்கும் மனதைத் தயார்ப்படுத்தியே சம்மதிக்க வேண்டும்.

சீசரின் விலை உடனே தெரியாது. காயம் ஆறுவது, மூத்ததைத் தூக்க முடியாமல் இருப்பது, கிணற்றில் தண்ணீர் அள்ள ஆள் தேடுவது எல்லாம் சில வாரத்தில் கடந்துபோகும். பிறந்ததும் சில நாள் மூச்சுத் திணறல் வரும் பிள்ளைகள் சீசரில் சற்றுக் கூடுதல். 39 வாரம் வரை பொறுப்பது அதைக் குறைக்கத்தான். நான் அதிகம் கவலைப்படுவது அடுத்தடுத்த கர்ப்பங்களைப் பற்றி. நச்சுக்கொடி கீழே இறங்கி, பழைய தழும்பின்மேல் ஒட்டிக்கொண்டால் பிள்ளை பிறந்த பிறகும் கழன்று வராது. இரத்தம் கொட்டும், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். அமெரிக்காவில் 30,000 க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து 2006 இல் வெளிவந்த ஆய்வில், கொடி கீழிறங்கியவர்களில் இப்படி ஒட்டியிருந்தது இரண்டாவது சீசரில் நூற்றுக்கு 11, மூன்றாவதில் 40. நான்கு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படுகிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அப்படி ஆசை இருந்தால் இரண்டாவது பிரசவத்திலேயே அதை யோசிக்க வேண்டும். இதோடு போதும், கருத்தடையும் செய்துவிடுவோம் என்று நினைப்பவளுக்கு சீசரே வசதி. இரண்டையும் ஒரே நேரத்தில் முடிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலி பட்டுப் பெற்றவள்தான் தாய் என்று சொல்பவர்களின் பேச்சைக் கணக்கெடுக்கவும் வேண்டாம்.

இனி தூரம். மாங்குளத்தில் இருப்பவளுக்கு ஏ-9 வீதியில் வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா, கிழக்கே ஏ-34 இல் முல்லைத்தீவு. மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. நட்டாங்கண்டல் பக்கமோ பூநகரிக் கரையிலோ இருப்பவளுக்கு அந்தப் பெரிய வீதிக்கு வந்து சேர்வதே ஒரு பயணம். மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும், இரவில் யானை நிற்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கும் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் தழும்பு விட்டுப்போனால் நேரம் நிமிடக் கணக்கு. எந்த அம்புலன்ஸும் அந்த நேரத்துக்குள் காட்டு வீதியைக் கடக்காது.

இதை வைத்து, "தூரத்தில் இருப்பவள் சீசருக்கே போகட்டும்" என்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. நாள் குறித்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு அந்த நாளுக்கு முன்பே வலி தொடங்கிவிடும். அப்போது அவளும் அதே வீதியில்தான் வர வேண்டும். ஆக, எந்த வழியை எடுத்தாலும் கடைசி வாரங்களில் வைத்தியசாலைக்குக் கிட்ட வந்துவிட வேண்டும். உறவினர் வீடு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் முன்கூட்டியே வாட்டில் அனுமதி கேட்க வேண்டும். அப்படி வர முடியுமென்றால், இன்னும் பிள்ளை வேண்டுமென்றால், ஒரே குறுக்குத் தழும்பென்றால், முயன்று பார்ப்பதே என் தெரிவு. இரவிலும் தியேட்டர், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர், இரத்தம் மூன்றும் தயாராக உள்ள இடத்தில் மட்டும்.

நெடுக்குத் தழும்பு உள்ளவர், முன்பு தழும்பு விட்டுப்போனவர், நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கிடப்பவர் முயலக்கூடாது. வயிற்றுத் தோலில் தெரியும் கோட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தோலில் குறுக்காக இருந்தும் உள்ளே நெடுக்காகக் கீறியிருக்கலாம். அதைச் சொல்வது வீட்டுக்கு விடும்போது தந்த அட்டை. அதில் 'எல்.எஸ்.சி.எஸ்.' (LSCS) என்று நான்கு ஆங்கில எழுத்து இருந்தால் கீழ்ப்பகுதிக் கீறல். பக்கத்தில் காரணமும் எழுதியிருக்கும். இடப்பெயர்வுகளில் காகிதங்களைத் தொலைத்துப் பழகிய ஊர் நாங்கள். கர்ப்பிணிப் பதிவேட்டோடு சேர்த்து அந்த அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். தொலைந்திருந்தால் முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிட்டால், சீசர் செய்த இடத்தில் விவரம் எடுக்க நேரம் இருக்கும்.

முயல்பவளின் வயிற்றில் இரண்டு பட்டி கட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பையும் வலியையும் தாளில் ஓட விடுவார்கள். எழுந்து நடக்க முடியவில்லை என்று எரிச்சல் வரும். ஆனாலும் கழற்றச் சொல்லாதீர்கள். தழும்பில் கோளாறு வந்தால் பெரும்பாலும் முதலில் மாறுவது அந்தத் துடிப்புத்தான். வீட்டில் இருக்கும்போது வலி விட்டு விட்டு வராமல் ஒரேயடியாக நின்று குத்தினால், தழும்புப் பக்கம் புதிதாக நொந்தால், இரத்தம் பட்டால், தண்ணீர்க்குடம் உடைந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால் முதலில் 1990. குடும்பநல மாதுவுக்கு வண்டி வரும் இடைவெளியில் அறிவிக்கலாம்.