அடியோடு மாற்றுவதா, அவ்வப்போது திருத்துவதா?

அண்ணனின் பாடநூல் தம்பிக்கு உதவாமல் போவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வர்த் பகுதித் தமிழ்ப் பெற்றோரின் பழைய புலம்பல். பாடத்திட்டம் மாறுவதுதான் காரணம். அதைப் புதுப்பிக்கும் இரு வழிகளையும் அந்நாடு பார்த்துவிட்டது.

2005ஐ இலக்காக வைத்து 1997இல் வந்த 'பாடத்திட்டம் 2005' எல்லாவற்றையும் அடியோடு மாற்றியது. நிறவெறிக் காலக் கல்வியை ஒட்டுப்போட்டுச் சரிசெய்திருக்க முடியாது. அந்த வேகம் நியாயமே. ஆனால் திட்டம் முழுக்கப் புரியாத கலைச்சொற்கள். ஆசிரியர் பயிற்சி போதவில்லை, நூல்களும் போதவில்லை. வசதியுள்ள பள்ளிகள் சமாளித்தன, ஏழைப் பள்ளிகள் திணறின. 2000இலேயே மறுஆய்வு, 2002இல் திருத்திய வடிவம். இத்தனை அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள்தாம்.

2012 முதல் 2014 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த 'கேப்ஸ்' (CAPS) என்ற இப்போதைய தேசியப் பாடத்திட்டத்தில் அதன்பின் பெரும்பாலும் சிறு திருத்தங்களே. 2014இல் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளைச் சேர்த்தபோது கணிதம், அறிவியல் எதுவும் கலையவில்லை. கொரோனாக் காலத்திலும் ஆண்டுக் கற்பித்தல் திட்டத்தைத்தான் சுருக்கினார்கள்.

என் வாக்கு திருத்தத்துக்கே. ஆசிரியருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஒரு நிபந்தனை: மறுபார்வைக்குத் தேதி குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினிப் பாடம் போன்றவை பழசாகிப்போவதைக் கேட்க ஆளிருக்காது.