மலைநாட்டில் ஸ்மார்ட் பேண்ட்: தராசாக வைத்துக்கொள்ளுங்கள், கங்காணி ஆக்காதீர்கள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என எந்த நகரத்துப் போன் கடைக்குப் போனாலும் கண்ணாடி அலுமாரிக்குள் மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் பேண்டுகள் நாலைந்து தொங்குகின்றன. காலடி, இதயத்துடிப்பு, தூக்கம், கலோரி, இரத்த ஒட்சிசன் எல்லாவற்றையும் அளக்கும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். இந்த மதிப்புரை எந்த ஒரு கம்பனியையும் பற்றியதல்ல. ஜி.பி.எஸ். இல்லாத, விலை குறைந்த சாதாரண பட்டியைப் பற்றியது. வாங்கலாம் என்பதுதான் முடிவு. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே கட்டிக்கொண்டால் இரண்டு மாதத்தில் மேசை லாச்சிக்குள் போய்விடும். காரணம் பட்டியில் பாதி, அதை நாம் வைத்திருக்கும் விதத்தில் பாதி.

முதலில் காலடிக் கணக்கு. பட்டிக்குக் கால் தெரியாது, மணிக்கட்டு ஆடுவதுதான் தெரியும். சமதரையில் கையை வீசி நடந்தால் கணக்கு நன்றாகவே வரும். நம் ஊரில் மழைக்குக் குடை பிடிக்கிறோம், குளிருக்கு ஸ்வெட்டர் பைக்குள் கையை விடுகிறோம், படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறோம். அந்த நடையில் கணிசமான பகுதி எழுதப்படாமல் போகும். குடை பிடிக்காத கையில் கட்டுவது பாதித் தீர்வு. பட்டியைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டு நடப்பது இன்னும் நல்லது, அங்கே தொடையின் அசைவை அது பிடித்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய குறை மேடு. 100 மீட்டர் உயரம் ஏறுவது, சமதரையில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடக்கிற உழைப்பு. மேட்டில் அடி சிறிதாவதால் எண்ணிக்கை கூடலாம், ஆனால் ஒவ்வோர் அடியின் பாரத்தையும் பட்டி அறியாது. காற்றழுத்தமானி உள்ள விலை கூடிய வகைகள் உயரத்தைக் காட்டும். எங்கள் உயரத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் அது ஏறத்தாழ 10 மீட்டர் ஏற்ற இறக்கமாகத் தெரியும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை தானாகவே ஏறி இறங்குவதால், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே உயரம் மாறினாலும் பயப்பட வேண்டாம். மேட்டுக்கு மூச்சையே நம்புங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடுமையான பயிற்சி. அப்புத்தளைப் பக்கத்து ஏற்றத்தில் பத்து நிமிடம் நடந்தாலே இந்த வித்தியாசம் பிடிபடும்.

இதயத்துடிப்பில்தான் மலைநாட்டுக் குளிர் விளையாடுகிறது. பட்டியின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே விடியற்காலையில் கிரகரி வாவியோரம் வெறுங்கையோடு நடந்தால் தோலின் நாளங்கள் சுருங்கிவிடும், பட்டிக்குக் கிடைக்கும் சமிக்ஞை மெலியும். அப்போது அது நடையின் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடுவதுண்டு. நிமிடத்துக்கு 110 இருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று 160 காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பட்டியை. நின்று, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விரல் சொல்வதே சரி. நடக்கும்போது பட்டியை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வழக்கத்தைவிட ஒரு துளை இறுக்கமாகக் கட்டி, மேலே ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு, முதல் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் பிழை வெகுவாகக் குறையும். நெஞ்சு அழுத்துகிறது, தலை சுற்றுகிறது என்றால் எண் எதுவாக இருந்தாலும் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கலோரி எண்ணை முகப்பிலிருந்தே நீக்கிவிடலாம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்து "இன்றைக்கு 300 எரித்துவிட்டேன்" என்று இன்னொரு ரொட்டி எடுப்பதும், எரிக்கவில்லை என்று இரவுச் சாப்பாட்டை விடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். எங்கள் வீடுகளில் சீனி அதிகம் போவது தேத்தண்ணியில். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்று நாளுக்கு ஐந்து கோப்பை குடித்தால் 40 கிராமைத் தாண்டும். அதைப் பட்டி பார்ப்பதில்லை. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு பழகிவிடும்.

அடுத்தது இலக்கு. பட்டியைத் திறந்ததும் 10,000 என்று நிற்கும். இந்த எண் எந்த வைத்திய ஆய்விலிருந்தும் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு "பத்தாயிரம் அடி மானி" என்று பெயர் வைத்தார்கள், அதுதான் ஆரம்பம். 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பெண்களில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500க்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. ஆகவே முதல் இரண்டு வாரம் இலக்கு, பதக்கம், "எழுந்து நட" அறிவிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சும்மா கட்டியிருங்கள். 14 நாள் எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதினால் நடுவில் நிற்கும் இரண்டின் சராசரிதான் உங்கள் எண். அது 4,200 என்றால் இலக்கு 4,700. மூன்று வாரம் அதில் நின்று, வாரத்தில் ஐந்து நாளாவது எட்டினால் மட்டும் இன்னொரு 500. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையான மழையிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசி மழையிலும் இலக்கை ஆயிரம் அடி இறக்கி வைப்பது தோல்வியல்ல. பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தால் மூன்று மாதம் போய்விடும்.

தொடர் நாள் கணக்கை, அதாவது "37 நாள் விடாமல்" என்று காட்டுவதை, கட்டாயம் அணைத்துவிடுங்கள். கூடுதல் கேடு செய்வது இதுதான். 38ஆம் நாள் காய்ச்சலில் படுத்தால் எண் பூச்சியமாகிறது, மனமும் அதோடு விழுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுவளவில் 66 நாள் ஆனது, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது அதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. வாரக் கணக்கு பார்த்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி என்றுதான் சொல்கிறது, ஐந்து நிமிடத் துண்டுகளும் அதில் சேரும். கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, படியின் விளிம்பில் குதிகாலை உயர்த்துவது, ஒவ்வொன்றும் பத்துத் தடவை, இரண்டு சுற்று. இவற்றைப் பட்டி எண்ணாது. கலண்டரில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள்.

தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு இதை வாங்கிக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிள்ளும்போது மணிக்கட்டு ஓயாமல் ஆடுகிறது, கால் நின்ற இடத்தில் நிற்கிறது. அதில் சிலவற்றைப் பட்டி காலடி என்று எழுதிவிடும். நிறைந்த பாரத்தோடு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறும்போது கை கயிற்றைப் பிடித்திருப்பதால் அந்த நடை விட்டுப்போகும். எண் இரண்டு பக்கமும் பொய். அதைவிட முக்கியம், நாள் முழுக்க மலையில் நின்ற உடம்புக்கு மாலையில் இன்னும் 3,000 அடி தேவையில்லை. தரையில் மல்லாந்து, கெண்டைக்காலை நாற்காலியில் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் படுப்பதும், முதுகை மெதுவாக நீட்டுவதும், நேரத்தோடு தூங்குவதும்தான் தேவை. அவருக்கு இந்தப் பட்டியில் உதவுவது மொத்தத் தூக்க நேரம் ஒன்றுதான். "ஆழ்ந்த தூக்கம்" என்று பிரித்துக் காட்டுவதை நம்ப வேண்டாம்.

பராமரிப்புச் சின்ன வேலை. 50 மீட்டர் நீர்காப்பு என்று எழுதியிருந்தாலும் வெந்நீரும் சவர்க்காரமும் ஓரத்து இறப்பரைக் கெடுக்கும், குளிக்கும்போது கழற்றுங்கள். மழையில் நனைந்த சிலிக்கன் பட்டியைத் துடைக்காமல் விட்டால் தோல் சிவந்து அரிக்கும்.

வாங்கும்போது கடை வாசலிலேயே 100 அடி எண்ணி நடந்து பாருங்கள், 95க்கும் 105க்கும் இடையில் காட்ட வேண்டும். பிறகு குடையை விரித்துப் பிடித்தபடி இன்னொரு 100. தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், மலிவான சிலவற்றில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் வரும். சார்ஜர் அந்தப் பட்டிக்கென்றே செய்த காந்த வகை என்றால், தொலைந்தால் அதே கடையில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.