விரலில் சுற்றுவதா, மோதிரம் மாட்டுவதா?

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே பின்னலில் கண்ணிகள் ஒரே அளவில் விழ, நூலைப் பிடிக்கும் கைதான் காரணம். சுண்டுவிரலில் ஒரு சுற்று, நடுவிரல்களுக்கு அடியில், ஆள்காட்டி விரலுக்கு மேலே: இதுதான் பழைய வழி. செலவில்லை. நூல் தடித்தால் சுற்றைக் குறைக்கலாம், வழுக்கினால் கூட்டலாம். ஆனால் பருத்தி நூலில் மணிக்கணக்காகப் பின்னினால் விரல் மடிப்பு சிவந்துவிடும். வியர்த்த கையில் நூல் ஒட்டி, கண்ணிகள் இறுகும்.

ஆள்காட்டி விரலில் மாட்டும், நூல் ஓட வளையம் வைத்த நூல் மோதிரம் அந்த உராய்வைத் தானே ஏற்கிறது. வளையத்தின் வழியே நூல் சீராக ஓடுவதால் விரலை விறைப்பாகத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இரு வண்ணப் பின்னலில் இரட்டை வளையம் நூல்களைப் பிரித்தே வைக்கும். குறையும் உண்டு: நூலில் முடிச்சு வந்தால் சிக்கும், தடித்த நூல் சிறு வளையத்தில் நுழையாது. வெறுமனே வளையத்தில் நுழைத்தால் மட்டும் நூலுக்கு வேண்டிய இறுக்கம் வந்துவிடாது. அதனால் மோதிரம் மாட்டினாலும் நான் சுண்டுவிரல் சுற்றை இன்னும் விடவில்லை.

புதிதாகக் கற்பவர் முதலில் விரலிலேயே பழகட்டும். மோதிரத்துக்கு மாறுவதானால் பாதிப் பின்னலில் மாறாதீர்கள். கண்ணி அளவு மாறி, மாறிய இடம் அப்படியே தெரியும்.