கொழிஞ்சாம்பாறை பைண்டிங் கடை: தையல் பிரமாதம், மேப் சொதப்பல்

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பிரிண்ட், பைண்டிங் கடைக்கு ஐந்துக்கு நான்கு.

நான் கொடுத்தது காலேஜ் ப்ராஜெக்ட் இல்லை. தென் சீனாவில் கான்டன் (இன்றைய குவாங்சோ) பக்கம் ஓடும் மேற்கு ஆற்றில் நடந்த கப்பல் கொள்ளை பற்றிய பழைய பிரிட்டிஷ் கடிதங்களின் ஸ்கேன், பாதி மங்கல். 1906 ஜூலையில் 'சைனம்' என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பலைக் கொள்ளையர் தாக்கி, மெக்டொனால்ட் என்ற மிஷனரி டாக்டரைக் கொன்றார்கள். அதிலிருந்து தலைநகர் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) பிரிட்டனுக்கும் சீன அரசுக்கும் இழுபறி. ஆற்று ரோந்தைச் சுங்கத்துறையிடம் விடுங்கள் என்றது பிரிட்டன். சுங்கத்துறை சீன அரசுடையதுதான். ஆனால் மேல் அதிகாரிகள் எல்லாம் வெளிநாட்டவர், 1863-லிருந்து அதன் தலைவர் ராபர்ட் ஹார்ட் என்ற பிரிட்டிஷ்காரர். கேட்டதன் உள்நோக்கம் கான்டன்காரர்களுக்குப் புரியாமல் இருக்குமா? 1907 கடைசியில் பிரிட்டிஷ் பீரங்கிப் படகுகளே ரோந்துக்கு இறங்க, வணிகர்களும் மாணவர்களும் கூட்டம் போட்டுக் கொதித்தார்கள். 1908 தொடக்கத்தில் படகுகள் விலகின.

இந்த மாதிரிக் கட்டில் வரிசைதான் உயிர். லண்டன் கடிதமும் பீக்கிங் கடிதமும் முன்னே பின்னே கிடக்கும். வேறு கடை என்றால் வந்தபடி அடித்து ஸ்பைரல் போட்டுத் தந்துவிடுவார்கள். இந்த அண்ணன் பாதியில் நிறுத்தி, "இணைப்புல தேதி பழசா இருக்குங்க சார். தேதிப்படி வைக்கட்டுமா, அது வந்த கடிதத்தோடயே வைக்கட்டுமா?" என்று கேட்டார். கடிதத்தோடு என்றேன். அப்படியே வைத்திருக்கிறார்.

விஷயத்தையும் விசாரித்தார். திருடனைப் பிடிக்க யார் வந்தால் என்ன என்று வாயைக் கிளறினேன். "நல்லா இருக்குங்க! ஆழியாத்துத் தண்ணிக்கே நமக்கும் பொள்ளாச்சிக்கும் இத்தனை பஞ்சாயத்து. அவங்க ஆளு வந்து நம்ம சித்தூர்ப்புழையில காவல் நின்னா விடுவோமா?" என்றார். பிரிட்டிஷ் தூதர் ஜான் ஜோர்டனுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஊசியால் துளை போட்டு நூல் தையல், முதுகில் காலிகோ துணி. எத்தனை புரட்டினாலும் தாள் கழலவில்லை. ஆனால் பக்கவாட்டுத் தையல் என்பதால் நடு ஓரம் தின்றுவிடுகிறது. இரண்டு பக்கத்துக்குப் பரவிய ஆற்று மேப்பில், 1897-ல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த சாம்சுயி துறைமுகம் மடிப்புக்குள் போய்விட்டது. அதே ஆற்றின் இன்னொரு துறைமுகமான ஊச்சோ மட்டும் தெரிகிறது. சொல்லியிருந்தால் மடித்து ஒட்டியிருப்பாராம்; அவரே கேட்டிருக்க வேண்டும், அதற்குத்தான் ஒரு மார்க் போனது.

பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், பைண்டிங் தனி. ஜிபே உண்டு. ஸ்கூல் திறக்கும் சமயத்தில் மட்டும் போகாதீர்கள், நோட்டுக் கட்டு வேலையில் மூழ்கியிருப்பார்.